மூத்தம்மாவின் சீந்தில் சர்க்கரையும் நம் உடம்பின் காவற்காரரும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேச அழைத்தபோது செயலாளர் தந்த தலைப்பு, “எதிர்ப்புச் சக்தி”. அதற்கு அவர் சொன்ன காரணமும் நியாயமானது. நமது சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் மரண அறிவித்தலுக்கும் அடுத்தபடியாக அதிகம் வருவது கசாயக் குறிப்புகள்தானாம். “அதில் எது சரி, எது பிழை என்று நீங்கள் ஒரு நாளாவது சொல்ல வேண்டும்” என்றார்.

நான் வைத்தியர் அல்ல. குருதிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் சில வருடங்கள் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், தாவரச் சாறுகளை மனித வெண்குழியங்களின் மீது விட்டு என்ன நடக்கிறதென்று பார்க்கும் குழுவில் உதவியாளராக இருந்தேன். அந்த அனுபவம் ஒன்று. என் வீட்டில் நடந்த ஒரு விடயம் இன்னொன்று. இந்த இரண்டையும் வைத்துத்தான் பேசப்போகிறேன்.

நான் சவளக்கடைக்காரி. மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, வெள்ளைச் சீருடையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. வெள்ளம் கூடினால் அந்தக் கிழமை முழுக்க வீட்டில்தான். அப்படி வீட்டில் கிடந்த நாட்களில் மூத்தம்மாவிடம் படித்த பாடம் ஒன்று உண்டு.

எங்கள் வளவு வேம்பில் சீந்தில் கொடி படர்ந்திருந்தது. சிங்களச் சகோதரர்கள் ரசக்கிந்த என்பார்கள். இதய வடிவ இலை, கயிறு கயிறாகத் தொங்கும் வேர், வெட்டி எறிந்தாலும் காயாமல் துளிர்க்கும் தண்டு. மூத்தம்மா பெருவிரல் மொத்தத் தண்டுகளை வெட்டி, மேலே உள்ள கடதாசி போன்ற தோலைச் சுரண்டி, உரலில் இட்டு இடிப்பார். இடித்ததை மண்சட்டித் தண்ணீரில் ஊறவிட்டு, மறுநாள் கையால் பிசைந்து, துணியில் வடிகட்டி, அசையாமல் வைப்பார். அடியில் வெள்ளையாக ஒரு மா படியும். மேலே நிற்கும் கசப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார். கசப்புப் போகும்வரை இப்படியே பல தடவை. கடைசியில் சுளகில் துணி விரித்துக் காயவைத்தால் ஒரு கைப்பிடி வெள்ளைத் தூள் தேறும். அதன் பெயர் சீந்தில் சர்க்கரை. சித்த வைத்தியத்தில் பேர்போன மருந்து. காய்ச்சல் விட்டபின் உடம்பு தேறுவதற்கென்று தேனில் குழைத்து ஒரு சிட்டிகை தருவார். “சர்க்கரை என்கிறீர்கள், இனிப்பே இல்லையே மூத்தம்மா” என்று கேட்டால், “இனிச்சா நீ முழுக்கத் தின்டிருவாய் புள்ள” என்பார்.

அதே வருடம் இந்தப் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் விஞ்ஞான ரீச்சர் ஒரு சோற்றுப் பருக்கையை வெள்ளைப் பீங்கானில் வைத்து அயடீன் இரண்டு சொட்டு விட்டார். கருநீலமாக மாறியது. “இதுதான் மாப்பொருள். ஆயிரக்கணக்கான குளுக்கோசு கைகோத்து நிற்கிறது. ஒவ்வொன்றாக நின்றால் இனிக்கும், கோத்து நின்றால் இனிக்காது” என்றார். மூத்தம்மாவின் இனிக்காத சர்க்கரை என்ன என்பது எனக்கு அன்றைக்கே பாதி விளங்கிவிட்டது. மறுநாள் ஒரு சிட்டிகையைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்து அயடீன் விட்டோம். அதுவும் கருநீலம்தான்.

இப்படிச் சீனி மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகளைத்தான் பல்சக்கரைட்டுகள் என்கிறோம். சோற்றின் மாப்பொருள், பருத்தித் துணியின் செலுலோசு, தோடம்பழத் தோலின் பெக்ரின், கற்றாழையின் வழுவழுப்பு, வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் கொழகொழப்பு எல்லாம் இந்தக் குடும்பம். மாப்பொருளிலும் செலுலோசிலும் இருப்பது ஒரே குளுக்கோசு மணிகள்தான். கோத்த விதம் மட்டும் வேறு. ஒன்று நமக்குச் சோறு, மற்றது நமக்குச் சீரணிக்காத நார்.

இனி, இந்தச் சங்கிலிகளுக்கும் நம் நிர்ப்பீடனத்துக்கும் என்ன உறவு?

நம் குருதியிலும் இழையங்களிலும் காவற்காரர்கள் பலர் இருக்கிறார்கள். கிருமியை விழுங்கும் தின்குழியங்கள், வைரசு புகுந்த கலங்களையும் புற்றுக் கலங்களையும் தேடிக் கொல்லும் இயற்கைக் கொல்லிக் கலங்கள், ரீ கலங்கள், பி கலங்கள். கிருமிகளுக்கு வெளியே ஒரு சட்டை இருக்கிறது. பற்றீரியாவின் சட்டையிலும் பங்கசுவின் சட்டையிலும் சீனிச் சங்கிலிகள் நிறைய உண்டு. காவற்காரர் அந்தச் சட்டையைத் தடவிப் பார்த்துத்தான் “இது வெளியாள்” என்று கண்டுபிடிக்கிறார்கள். அப்படித் தடவும் கைகளை வாங்கிகள் என்போம். இந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் புரூஸ் பொய்ட்லருக்கும் ஜூல்ஸ் ஹொஃப்மனுக்கும் 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி கிடைத்தது. தாவரங்களின் சில சீனிச் சங்கிலிகள் கிருமியின் சட்டையைப் போலவே கைக்குத் தட்டுப்படும். உடனே காவற்காரர் எழுந்துவிடுகிறார்கள். கிருமி வரவில்லை, ஆனால் மணி அடித்துவிட்டது.

சீந்திலில் இதை முறையாகப் பார்த்தவர்கள் பலர். மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தினர் சீந்தில் தண்டிலிருந்து நிர்ப்பீடனத்தைத் தூண்டும் ஒரு பல்சக்கரைட்டைப் பிரித்து 1999இல் அறிவித்தார்கள். 2004இல் வந்த இன்னோர் ஆய்வு மனிதக் கலங்களிலேயே செய்யப்பட்டது. அவர்கள் எடுத்தது குளுக்கோசு மட்டும் கோத்த ஒரு சங்கிலி. சோற்று மாப்பொருளுக்கு நெருங்கிய உறவு. ஒரு மில்லிலீற்றருக்கு 100 மைக்குரோகிராம் என்ற அளவில் அதை மனித நிணநீர்க் குழியங்களோடு வைத்தபோது இயற்கைக் கொல்லிக் கலங்களின் தூண்டல் 331 சதவீதமும், ரீ கலங்களில் 102 சதவீதமும், பி கலங்களில் 39 சதவீதமும் கூடியது. தூண்டப்பட்ட கலங்கள் ஆய்வுகூடத்திலிருந்த புற்றுக் கலங்களைக் கொல்லவும் செய்தன.

அந்தக் கட்டுரையை வாசித்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மூத்தம்மா வென்றுவிட்டார் என்றே நினைத்தேன். அந்த மகிழ்ச்சிதான் பிறகு என்னைத் தவறு செய்யவைத்தது.

2020ஐ நினைத்துப் பாருங்கள். கொவிட் நமது கரையோரத்துக்கு வந்தது. ஊர்கள் முடக்கப்பட்டன. நோயைவிடப் பெரிய பயம் ஒன்றும் நமக்கு இருந்தது. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, கொவிட்டில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்றது. 2021 பெப்ரவரியில் அது மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யும்வரை, “மவுத்தானாலும் பரவாயில்லை, எரிச்சுப் போடுவாங்களே” என்று நம் வீடுகளில் பெண்கள் அழுத இரவுகள் எத்தனை! அந்தப் பயத்தில் எதைக் குடிக்கச் சொன்னாலும் குடித்தோம். நாம் மட்டுமல்ல. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் செய்த பாணிக்காக ஆயிரக்கணக்கான சனம் முண்டியடித்து நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

அந்த நாட்களில் என் மூத்த சகோதரி, இதே பாடசாலையின் பழைய மாணவி, சவளக்கடையிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தா. நான் அப்போது கொழும்பில் முடங்கிக் கிடந்தேன். “நீ ரெத்தம் பரிசோதிக்கிற ஆள், எங்களுக்கு என்னத்தைக் குடிக்கச் சொல்றாய் புள்ள?” என்று கேட்டா. நான் யோசிக்கவே இல்லை. “வேம்பில் சீந்தில் கிடக்குத்தானே ராத்தா, தண்டை இடிச்சு அவிச்சுக் குடியுங்க. அதுக்கு ஆராய்ச்சியே இருக்கு” என்றேன். 331 சதவீதத்தையும் சொன்னேன்.

ராத்தாவுக்குப் பத்து வருடமாகத் தைரொயிட் வருத்தம். அவவின் சொந்த நிர்ப்பீடனமே தைரொயிட் சுரப்பியைத் தாக்குகிற வகை. அந்தக் குருதி அறிக்கையை வாசித்து அவவுக்கு விளக்கியவளே நான்தான். ஆனாலும் அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவில்லை.

ஆறு கிழமை காலையும் மாலையும் குடித்திருக்கிறா. பிறகு சோறு இறங்கவில்லை, ஓங்காளம், உடம்பில் கடி, கண் மஞ்சள். வைத்தியசாலையில் ஈரல் நொதியம் பார்த்தார்கள். நாற்பதைச் சுற்றி நிற்க வேண்டிய எண் ஆயிரத்து நூறைத் தாண்டி நின்றது. வைத்தியர் மூன்று தடவை கேட்டிருக்கிறார், “வேறு ஏதாவது மருந்து குடித்தீர்களா?” என்று. மூன்று தடவையும் ராத்தா “இல்லை” என்றா. பொய் சொல்லவில்லை. அவவுக்குச் சீந்தில் மருந்தல்ல, வளவில் கிடக்கும் கொடி. நான்காவது நாள் எனக்கு விடயம் தெரிந்து, நானே வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். கசாயத்தை நிறுத்தி, நிர்ப்பீடனத்தை அடக்கும் குளிசையும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் எண்கள் இறங்கின. அல்ஹம்துலில்லாஹ், ராத்தா இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறா. இதைச் சொல்லலாமா என்று நேற்று கேட்டேன். “சொல்லு, மற்றப் புள்ளைகளுக்காவது உதவட்டும்” என்றா.

நடந்தது என் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பது பிறகு தெரிந்தது. 2020 செப்டெம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் சீந்தில் குடித்து ஈரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை வைத்தியர்கள் 2021இல் எழுதினார்கள். இந்திய ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது. வேறு கொடியைச் சீந்தில் என்று நினைத்துக் குடித்திருக்கலாம் என்றது. அதுவும் கவனிக்க வேண்டிய வாதம்தான். ஒரே சாதியைச் சேர்ந்த, தண்டெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்த இன்னொரு கொடி இருக்கிறது. கண் பழகாதவர்கள் மாறிப் பறிக்கலாம். ஆனால் 2022இல் இந்தியாவின் 13 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளின் விபரங்களை வெளியிட்டன. அவர்களில் 23 பேர் பெண்கள். ஈரல் இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது பலரில் தெரிந்தது, உடம்பு தன் ஈரலைத் தானே தாக்கும் நோயின் அடையாளம். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நோயைக் கசாயம் எழுப்பிவிட்டிருக்கிறது.

அப்படியானால் சீந்தில் நஞ்சா? அவசரப்பட வேண்டாம். அதே மும்பை நகரத்தில், அது பம்பாய் என்று அழைக்கப்பட்ட காலத்தில் நடந்த இன்னொரு கதையையும் கேளுங்கள்.

அங்குள்ள கே.ஈ.எம். வைத்தியசாலையில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர் ஷரதினி தஹானுகர் என்ற பெண்மணி. அவரும் அவருடைய சகாக்களும் பித்தக்குழாய் அடைபட்டு மஞ்சட்காமாலை வந்த 30 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். அந்த நோயில் வெண்குழியங்களுக்குக் கிருமியை விழுங்கிக் கொல்லும் ஆற்றல் குன்றிவிடும். அதனால் சத்திரசிகிச்சைக்குப் பின் கிருமி குருதியில் பரவிப் பலர் இறந்துவிடுவார்கள். ஒரு குழுவுக்கு வழமையான சிகிச்சை. மற்றக் குழுவுக்கு அதோடு சீந்தில் சாறும் கொடுத்தார்கள். சீந்தில் குடித்தவர்களின் வெண்குழியங்கள் பழைய வலுவுக்கு வந்தன. உயிர் பிழைத்தவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். இது வெளிவந்த ஆண்டு 1993.

ஒரே நகரம். ஒரே கொடி. 1993இல் மஞ்சட்காமாலைக்காரரைப் பிழைக்க உதவியது, 2020இல் நன்றாக இருந்தவர்களுக்கு மஞ்சட்காமாலையைக் கொண்டுவந்தது. எங்கே வித்தியாசம்? குடித்த ஆளில். அங்கே காவற்காரர் சோர்ந்து கிடந்தார்கள், எழுப்பியது நன்மையாயிற்று. இங்கே காவற்காரர் முன்பே வீட்டுக்காரரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் கையில் இன்னொரு பொல்லைக் கொடுத்தோம்.

சகோதரிகளே, நான் சொல்ல வந்தது இதுதான். எதிர்ப்புச் சக்தி என்பது தண்ணீர்த் தொட்டி அல்ல, கூடக்கூட நல்லது என்று சொல்வதற்கு. அது தராசு. ஒரு பக்கம் இறங்கினால் கிருமி, மறுபக்கம் இறங்கினால் சொந்த உடம்போடு சண்டை. ஆகவே “இது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமா?” என்று கேட்பதற்கு முன், “யாருக்குக் கூட்டுகிறோம்?” என்று கேட்க வேண்டும்.

பெண்களாகிய நமக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். உடம்பு தன்னைத்தானே தாக்கும் நோய் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் பெண்கள். லூப்பசு என்ற நோயில் பத்தில் ஒன்பது. நம் கலங்களில் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள் இருப்பதும் இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த மண்டபத்தைச் சுற்றிப் பாருங்கள். தைரொயிட், மூட்டு வாதம், சொறியாசிசு என்று குளிசை எடுக்கும் சகோதரிகள் ஒவ்வொரு வரிசையிலும் இருப்பார்கள். “எல்லாரும் குடியுங்கள்” என்று குழுவில் ஒரு குறிப்பை அனுப்பும்போது அது அவர்களுக்கும் போகிறது.

அடுத்ததாக, அந்த 331 சதவீதத்துக்குத் திரும்புவோம். எண் பொய்யல்ல. ஆனால் அது எங்கே எடுத்த எண்? கண்ணாடிக் கிண்ணத்தில். கலத்தின் மேலேயே பல்சக்கரைட்டை ஊற்றி எடுத்த எண். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதி. அந்தக் கிண்ணத்து அளவைக் குருதியில் கொண்டுவர வேண்டுமென்றால் அரைக் கிராம் பல்சக்கரைட்டு, உடையாமல், முழுச் சங்கிலியாகக் குருதிக்குள் ஏற வேண்டும். வாயால் குடித்தால் அது நடக்குமா? மாப்பொருளின் உறவான சங்கிலிக்கு நம் எச்சிலும் சதையச் சுரப்பும் என்ன செய்யும் என்பதை நாம் சாதாரண தரத்திலேயே படித்துவிட்டோம். சோற்றைப் போல அறுத்துக் குளுக்கோசாக்கிவிடும். மற்ற வகைச் சங்கிலிகளை நம் நொதியங்களால் அறுக்க முடியாது. அவை பெருங்குடல் வரை போய் அங்குள்ள பற்றீரியாக்களுக்கு உணவாகும். பற்றீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து உண்டாக்கும் சிறிய அமிலங்கள் குடற்சுவரில் நிற்கும் காவற்காரரைச் சாந்தமாக வைக்க உதவுகின்றன. கிண்ணத்தில் ஒன்றும் வயிற்றில் வேறொன்றும் நடக்கலாம் என்பதற்கு இது போதும்.

கசாயத்தில் பல்சக்கரைட்டு மட்டும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. கசப்புப் பொருட்களும் அல்கலொயிட்டுகளும் கூடவே வரும். ஆகவே ஈரல் பாதிப்புக்கான பழியைச் சீனிச் சங்கிலியின் தலையில் மட்டும் போட முடியாது. மூத்தம்மா கசப்புத் தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்றிவிட்டு, எஞ்சிய மாவில் ஒரு சிட்டிகை, காய்ச்சல் விட்டபின், சில நாட்கள் மட்டும் தந்தார். நான் ராத்தாவுக்குச் சொன்னதோ அவித்த கசப்புச் சாறு, இரண்டு வேளை, ஆறு கிழமை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே மருந்து அல்ல.

ஆய்வுகூடத்தில் நான் கற்ற பாடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒரு வேரிலிருந்து பிரித்த பல்சக்கரைட்டு எங்கள் கலங்களை அபாரமாக எழுப்பியது. நாங்கள் துள்ளிக் குதித்தோம். எங்கள் பேராசிரியை அமைதியாகக் கேட்டார், “எழுப்பியது வேரா, வேரில் ஒட்டியிருந்த பற்றீரியாவா?” பற்றீரியாச் சட்டையில் எண்டொரொக்சின் என்றொரு பொருள் உண்டு. மிகச் சிறிய அளவு கலந்தாலே தின்குழியங்கள் கொதித்தெழும். அதைப் பிடித்துக் கட்டிப்போடும் பொலிமிக்சின் என்ற மருந்தைச் சேர்த்து மறுபடி செய்தோம். எழுச்சி அடங்கிவிட்டது. எங்கள் வேரின் பெருமை முழுக்கப் பற்றீரியாவினுடையது! எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல இது. நிர்ப்பீடனத்தைத் தூண்டும் என்று பேர்பெற்ற சில மூலிகைச் சாறுகளில், தின்குழியங்களை எழுப்பும் வேலையின் பெரும்பங்கு பற்றீரியாவின் பொருட்களாலேயே நடக்கிறது என்று அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். “ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது” என்று போத்தலில் எழுதியிருந்தால், இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இவ்வளவும் சொன்னதால் தாவரச் சீனிச் சங்கிலிகளில் ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு குழு இனியுலின் என்ற தாவரப் பல்சக்கரைட்டை எடுத்தது. டேலியாப் பூச்செடியின் கிழங்கிலும் சிக்கரி வேரிலும் இருப்பது அது. கரைந்த நிலையில் அது நிர்ப்பீடனத்தைத் தூண்டுவதில்லை. ஆனால் குறிப்பிட்ட வடிவிலான நுண்துகளாகப் படியவைத்தால், தடுப்பூசியோடு சேர்ந்து நல்ல துணையாகிறது. அந்தத் துணைப்பொருள் சேர்ந்த கொவிட் தடுப்பூசி ஒன்றுக்கு 2021 ஒக்டோபரில் ஈரானில் அவசரகால அனுமதி கிடைத்தது. காவற்காரரை எழுப்பும் அதே ஆற்றல்தான். ஆனால் எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை தடவை, எந்த எதிரியைக் காட்டி எழுப்புவது என்பதெல்லாம் அளந்து வைத்தது. அந்த அளவுதான் அதை மருந்தாக்குகிறது.

இனி வீட்டுக்குக் கொண்டுபோகச் சில வார்த்தைகள்.

உணவாக வருவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நோன்புக் கஞ்சியும் அதில் போடும் வெந்தயமும், வல்லாரைச் சம்பலும், முருங்கையிலைச் சுண்டலும், இலைக்கஞ்சியும் நம் குடலுக்குத் தேவையான நார்களைத் தருகின்றன. தடுப்பூசி, தூக்கம், கைகழுவுதல் இவற்றோடு இவையும் சேர்ந்தால் ஆரோக்கியமான பெண்ணுக்கு அது போதும். உணவை வடித்து இறுக்கி மருந்தாக்கி, நாள்தோறும் மாதக்கணக்கில் குடிப்பதுதான் வேறு கதை.

தைரொயிட் நோய், மூட்டு வாதம், லூப்பசு, சொறியாசிசு, ஈரல் நோய் உள்ளவர்களும், சிறுநீரகம் மாற்றியவர்களும், நிர்ப்பீடனத்தை அடக்கும் குளிசை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் “எதிர்ப்புச் சக்தி கூட்டும்” எதையும் தம் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சித்த, யூனானி, ஆயுர்வேத வைத்தியரிடம் போனாலும் உங்கள் பழைய நோயை முதலில் சொல்லுங்கள். ஆங்கில வைத்தியரிடம் போனால் குடிக்கும் கசாயத்தைச் சொல்லுங்கள். “மருந்து குடித்தீர்களா” என்று கேட்டால் இலை, வேர், தூள், பாணி எல்லாம் அதில் அடங்கும். பசி போய், ஓங்காளம் வந்து, சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானால் அன்றைக்கே நிறுத்திவிட்டுக் குருதி பரிசோதியுங்கள். குடித்த கொடியில் ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

இந்தச் சங்கம் நூறு வருடமாகப் பெண் பிள்ளைகள் கேள்வி கேட்கப் பழக வேண்டும் என்பதற்காக உழைத்திருக்கிறது. வெள்ளத்தைத் தாண்டி வந்து, அயடீன் சொட்டை விட்டுப் பார்த்துவிட்டு நம்பக் கற்றது இங்கேதான். அப்படிக் கற்ற நான், பயந்திருந்த ஒரு நாளில், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் சொந்த ராத்தாவுக்கு மருந்து சொன்னேன். அதற்காக மூத்தம்மாவின் கொடியை வெட்டி எறியவில்லை. எங்கள் வேம்பில் இன்றும் அது கிடக்கிறது. சங்கத்துக்கு என் சிறு வேண்டுகோள் ஒன்று. நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை வளவில் அமைக்கும் மூலிகைத் தோட்டத்தில் ஒரு சீந்தில் கொடியும் நடுங்கள். பெயர்ப்பலகையில் அது என்ன செய்யும் என்பதோடு, யார் குடிக்கக் கூடாது என்பதையும் எழுதிவையுங்கள். அயடீன் போத்தலோடு வரப்போகும் பிள்ளைகள் மீதியைக் கண்டுபிடிப்பார்கள்.